டெங்குவுக்கு ஏன் இன்னும் ஒரு மாத்திரை இல்லை?

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோவையில் படிக்கும் என் மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாராசிட்டமாலும் டிரிப்ஸும்தான் கொடுத்தார்கள். வைரஸுக்கு மருந்தே கிடையாது என்றார் டாக்டர். கொரோனாவுக்கு உடனே மாத்திரை வந்ததே, டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் ஏன் வரவில்லை? மலேரியா மருந்து விளைந்தது நம் நீலகிரியில்தானே? இத்தனை மூலிகை இருக்கும் மலையில் இதற்கு ஒன்று கிடைக்காதா?"

நான் ஊட்டியில் பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் நடத்துகிறவன். அதற்கு முன் சில வருஷம் வைரஸ் ஆய்வகத்தில் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெங்கு வைரஸைத் தடுக்கும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆய்வகத் தட்டில் அதை அடக்கிக் காட்டிய பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பஞ்சம் நேரத்துக்குத்தான். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

கொசு கடித்து நான்கிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் அடிக்கும். காய்ச்சல் தொடங்கும்போதே ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், அல்லது உச்சத்தை நெருங்கியிருக்கும். அங்கிருந்து மளமளவென்று இறங்கி, ஐந்தாம் ஆறாம் நாளில் பெரும்பாலும் காணாமலே போய்விடும். ஆபத்து வருவதோ காய்ச்சல் விடுகிற சமயத்தில், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். ரத்தக் குழாயின் சுவர் கசிந்து திரவம் வெளியேறுகிறது, ரத்தம் கெட்டியாகிறது, பிரஷர் இறங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று கிளம்புகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ஆள் மோசமாகும்போது வைரஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கும். மிச்சமிருப்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளப்பிவிட்ட களேபரம். அந்த நிலையில் வைரஸைக் கொல்லும் மருந்து யாரைக் கொல்லும்?

நம் ஊர் வழக்கத்தையும் பாருங்கள். முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, மூன்றாம் நாள்தான் டாக்டர். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர் என்றால் வேலைக்கு லீவு சொல்லி, பஸ் பிடித்து வர இன்னொரு நாள். மாத்திரை வேலை செய்யக்கூடிய ஜன்னல் அதற்குள் முக்கால்வாசி மூடிவிடும். ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள்ளும், கொரோனாவுக்கு வந்த பாக்ஸ்லோவிடை ஐந்து நாளுக்குள்ளும் தொடங்கச் சொல்வது இதே காரணத்தால்தான்.

கொரோனா மாத்திரை உடனே வந்ததாகச் சொல்வதிலும் ஒரு பாதி விட்டுப்போகிறது. பாக்ஸ்லோவிடுக்கு அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது 2021 டிசம்பரில், தொற்று தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து. அதன் வேர் 2003 சார்ஸ் காலத்தில் தொடங்கி, பிறகு அலமாரியில் வைக்கப்பட்ட ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்தப் பழைய வேலை இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது. போதாததற்கு உலகமே பணத்தைக் கொட்டியது. டெங்குவுக்கு அப்படி யாரும் கொட்டவில்லை.

இனி மலேரியா. மலேரியா மருந்து கிடைத்த சிங்கோனா நம் மலையின் மரமே அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் செய்த ஏற்பாட்டில் 1860-களில் கன்றாகவும் விதையாகவும் இங்கே வந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். அந்தப் பட்டை காய்ச்சலுக்கு ஆகும் என்பது அதற்கு இருநூறு வருஷம் முன்பே தெரியும். 1820-இலேயே பிரான்சில் அதன் மருந்துப் பொருளான குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நீலகிரி கொடுத்தது மண்ணும் குளிரும் தொழிற்சாலையும். (இடையில் ஒரு தகவல்: 1897-இல் ரொனால்ட் ராஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் லீவில் ஊட்டிக்கு வந்து, சீகூர்ப் பக்கம் மலேரியாவை ஆராயப் போய், தானே மலேரியாவில் படுத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்.)

குயினைன் வேலை செய்ததற்குக் காரணம், மலேரியாக் கிருமி ஒரு முழு உயிரணு. நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்று, அதில் மிஞ்சும் நஞ்சைப் பக்குவமாக ஒதுக்கி வைக்கும். குயினைன் அந்த ஒதுக்கும் வேலையில் மண்ணைப் போடுகிறது. கிருமிக்கென்று தனிச் சமையற்கட்டு இருப்பதால் அங்கே கை வைக்க முடிகிறது. டெங்கு வைரஸுக்கு அது கிடையாது. ஏறத்தாழ 11,000 எழுத்து நீளமுள்ள, ஆர்.என்.ஏ என்ற ஒரு மரபுச் செய்தி இழை, அதிலிருந்து வரும் பத்தே புரதங்கள், அவ்வளவுதான் அதன் சொத்து. மற்ற எல்லாவற்றுக்கும் நம் செல்லையே பயன்படுத்துகிறது. அதை அடிக்கப் போனால் நம்மீதும் அடி விழும்.

அந்தப் பத்துப் புரதங்களில் இரண்டின் மீது விஞ்ஞானிகளுக்கு ரொம்ப நாளாகக் கண். ஒன்று என்.எஸ்.3 என்ற கத்தரிப்பான். வைரஸின் புரதங்கள் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகும். அதைத் துண்டு துண்டாக வெட்ட இது வேண்டும். எய்ட்ஸிலும் கொரோனாவிலும் இதே மாதிரி கத்தரிப்பான்களைத்தான் மருந்து முடக்கியது. ஆனால் டெங்குவின் கத்தரிப்பானில் மருந்து போய் உட்கார வேண்டிய குழி தட்டையானது, ஆழமில்லாதது. அதில் நன்றாக ஒட்டும் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் தேவைப்படுகிறது. மின்னூட்டம் உள்ள மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. ஒட்டுவது நுழையாது, நுழைவது ஒட்டாது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த இழுபறி நடக்கிறது.

இன்னொன்று என்.எஸ்.5, ஆர்.என்.ஏ-வை நகலெடுக்கும் நொதி. இதற்குப் போலி எழுத்து ஒன்றைக் கொடுத்து நகலைப் பாதியில் நிறுத்தலாம். ஹெபடைடிஸ் சி-க்கு 2013-இல் வந்த சோஃபோஸ்புவிர் அப்படித்தான் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் நோயே குணமாகிவிடுகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் டெங்குவுக்குத் தூரத்து உறவுகூட, இரண்டும் ஒரே குடும்பம். அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? ஹெபடைடிஸ் சி ஈரலில் வருஷக்கணக்கில் தங்கும். மருந்துக்கு 12 வாரம் கிடைக்கிறது. டெங்குவில் கிடைப்பது இரண்டு நாள். ஹெபடைடிஸ் சி-க்காக உருவான பாலாபிரவிர் என்ற மருந்தை வியட்நாமில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸும் குறையவில்லை, காய்ச்சலும் குறையவில்லை. போலி எழுத்து வேலை செய்ய, செல் அதை மூன்று பாஸ்பேட் சேர்த்துத் தயார்படுத்த வேண்டும். வைரஸ் தொற்றிய வெள்ளணுக்களில் அந்தத் தயாரிப்பே சரிவர நடப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆரோக்கியமான செல்லில் அளந்து பார்த்தவர்களுக்கு இது புலப்பட வழியில்லை.

தட்டில் பலித்தது ஆளில் பலிக்காமல் போவது எப்படி என்று கேட்பவர்களுக்காக அந்தத் தட்டையே கொஞ்சம் காட்டுகிறேன். குழி குழியாக உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் வெரோ செல்கள் பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும். 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல் அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அதை வளர்த்திருக்கிறார்கள். அதில் வைரஸை விட்டு, மேலே கெட்டியான கூழ் ஊற்றிச் சில நாள் கதகதப்பில் வைக்க வேண்டும். பிறகு கூழை எடுத்துவிட்டு ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிருள்ள செல் ஊதாவாக நிற்கும். வைரஸ் அழித்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மருந்து போட்ட குழியில் புள்ளிகள் குறைந்தால் சந்தோஷம். ஆனால் சில குழிகளில் ஊதாவே இருக்காது, முழுக்க வெளுத்துக் கிடக்கும். அங்கே மருந்தே செல்லைக் கொன்றிருக்கிறது. பினாயில் ஊற்றினாலும்தான் வைரஸ் சாகும். எந்த அளவில் வைரஸ் பாதியாகிறது, எந்த அளவில் செல் பாதியாகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மருந்தா விஷமா என்பதைச் சொல்லும். "இந்தச் சாறு டெங்கு வைரஸை அழித்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் இரண்டாவது எண் இருக்கவே இருக்காது.

தட்டுக்கு அடுத்தது எலி. சாதாரண எலிக்கு டெங்கு பிடிக்காது. மனிதனின் எதிர்ப்பு வேலிகளில் ஒன்றான ஸ்டாட்2 என்ற புரதத்தை இந்த வைரஸ் உடைத்துவிடும். எலியின் ஸ்டாட்2-வை அதனால் உடைக்க முடியாது. அதனால் வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரானின் எதிர்ப்பே இல்லாமல் மரபணு மாற்றி வளர்த்த ஏஜி129 போன்ற எலிகளில் சோதிக்கிறார்கள். அங்கே மருந்து கொடுப்பது வழக்கமாக வைரஸ் செலுத்திய அன்றே, அல்லது மறுநாள். நோயாளி வருவதோ மூன்றாம் நாள் காய்ச்சலோடு. சிங்கப்பூரில் செல்கோசிவிர் என்ற மருந்து எலிகளை அழகாகக் காப்பாற்றியது. 2014-இல் வெளியான மனிதச் சோதனையில் வைரஸ் அளவிலும் காய்ச்சலிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் மூலிகைக் கேள்விக்கும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செல்கோசிவிரின் மூலமே ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் கிடைத்த பொருள்தான். குளோரோகுயின், லோவாஸ்டாடின், பிரட்னிசோலோன் என்று வேறு நோய்க்கு வந்த மருந்துகளையும் வியட்நாமில் முயன்றார்கள். ஒன்றும் நோயின் போக்கை மாற்றவில்லை. என்.ஐ.டி.டி-008 என்று ஒன்று எலியில் அருமையாக வேலை செய்தது. ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்தபோது பக்கவிளைவு காட்டியதால் அதோடு நின்றது.

இத்தனை தோல்விக்குப் பிறகு வந்த ஒன்றைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகக் குழுவும் ஜான்சன் நிறுவனமும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்து, திருத்தித் திருத்தி, 2021-இல் ஒரு மூலக்கூறை வெளியிட்டார்கள். அதன் மேம்பட்ட வடிவம் 2023-இல் வந்தது, பெயர் மோஸ்னோடென்விர். இது கத்தரிப்பானின் குழியைத் தொடுவதில்லை, நகல் நொதியையும் தொடுவதில்லை. என்.எஸ்.3-ம் என்.எஸ்.4பி என்ற இன்னொரு புரதமும் கைகோத்தால்தான் வைரஸ் நகலெடுக்கும் பட்டறை அமையும். அந்தக் கைகோப்பையே இது தடுக்கிறது. டெங்குவின் நான்கு வகைக்கும் எதிராக வேலை செய்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, பட்டறை அமைவதற்கு முன்பே மருந்து அங்கே இருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டு, அவர்கள் இதைத் தடுப்பு மாத்திரையாக யோசித்ததுதான். அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, பிறகு வலுக்குறைந்த டெங்கு வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அதிக டோஸ் எடுத்த 10 பேரில் 6 பேர் ரத்தத்தில் வைரஸ் தலைகாட்டவே இல்லை. போலி மாத்திரை எடுத்த அத்தனை பேருக்கும் வந்தது. சின்னச் சோதனைதான். ஆனாலும் டெங்குவுக்கு எதிராக ஒரு மாத்திரை மனித உடம்பில் இப்படி வேலை செய்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

2024 அக்டோபரில் ஜான்சன் நிறுவனம் இரண்டாம் கட்டச் சோதனையை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புக் குறை எதுவும் அல்ல, தங்கள் ஆராய்ச்சி முன்னுரிமை மாறிவிட்டது என்று அறிவித்தார்கள். அடேயா என்ற இன்னொரு நிறுவனம் ஏ.டி-752 என்ற டெங்கு மருந்தை 2023-இல் கைவிட்டதும் கிட்டத்தட்ட இதே கதை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. டெங்கு அடிக்கும் நாடுகளில் மாத்திரைக்கு விலை வைக்க முடியாது, விலை வைக்க முடிகிற நாட்டுக்காரர்களுக்கு அது டூர் போகும்போது மட்டும் வேண்டும். கணக்கு இதுதான். டெங்குவுக்கு மருந்து தேட 2022-இல் தொடங்கிய டெங்கு கூட்டணியில் நம் ஃபரீதாபாத் டி.ஹெச்.எஸ்.டி.ஐ ஆய்வு நிறுவனமும் தாய்லாந்து, மலேசியா, பிரேசில் நிறுவனங்களும் சேர்ந்திருக்கின்றன. நோய் யாருக்கோ அவர்களே மருந்தையும் தேட வேண்டியதுதான். நோவார்டிஸ் நிறுவனத்தின் இ.ஒய்.யு-688 என்ற மருந்தும் என்.எஸ்.4பி-யைக் குறிவைத்து மனிதச் சோதனைக்கு வந்திருக்கிறது.

சோதனை நடத்துவதிலும் ஒரு சங்கடம் உண்டு. நல்ல கண்காணிப்பும் சரியான அளவு திரவமும் இருந்தால் தீவிர டெங்குவிலும் சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. உங்கள் மகனுக்குக் கொடுத்த அந்த டிரிப்ஸை "மருந்தே இல்லை" என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். குறைத்தால் ஷாக், கூட்டினால் நுரையீரலில் நீர். ரத்தத்தின் கெட்டித்தன்மையை மறுபடி மறுபடி பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புது மருந்து இதைவிட மேல் என்று காட்ட ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும், அதுவும் முதல் இரண்டு நாளில் வந்தவர்களாக.

மூலிகைக்கு வருகிறேன். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமல்ல. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்த ஒன்பது சரக்கு. தட்டில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராக அது ஏதோ செய்கிறது என்று ஆய்வு இருக்கிறது. ஆனால் நிலவேம்பின் முக்கியப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைட் தண்ணீரில் சரியாகக் கரையாது, குடலில் உறிஞ்சப்படுவதும் குறைவு. தட்டில் வைத்த அளவு ரத்தத்தில் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி, அதைக் குடித்தவரின் நம்பிக்கை தீர்க்க முடியாது. குடிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தள்ளிப்போடுவதைத்தான் வேண்டாம் என்பேன். பப்பாளி இலைச் சாறு கதை வேறு. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஏழாம் நாள் வாக்கில் தானாகவே ஏறும். யார் எதைக் குடித்தாலும் ஏறும், பெயர் பப்பாளிக்குப் போகும். தட்டணுவை இப்படித் துரத்துவதில் அர்த்தமும் குறைவு. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு வெறும் எண்ணிக்கையைப் பார்த்துத் தட்டணு ஏற்றுவது கசிவைத் தடுப்பதில்லை என்று 2017-இல் வந்த சிங்கப்பூர், மலேசியா சோதனை காட்டியது.

எனக்கு ஆர்வமுள்ள செடி கட்டுக்கொடி. வேலியில் படரும் சாதாரணக் கொடி, இலையைக் கசக்கித் தண்ணீரில் கலந்தால் ஜெல்லி மாதிரி உறையுமே, அதுதான். அதிலிருந்து சுத்திகரித்த சாற்றை டெங்கு மருந்தாக்க டெல்லியில் உள்ள ஐ.சி.ஜி.இ.பி ஆய்வு நிறுவனமும் சன் பார்மாவும் கைகோத்து, எலி தாண்டி மனிதச் சோதனை வரை கொண்டுவந்தார்கள். முடிவு எப்படியானாலும், மூலிகையை இப்படித்தான் கேள்வி கேட்க வேண்டும்: எந்த அளவு, எந்த நாளில், யாருக்கு, எதோடு ஒப்பிட்டு. நம் சோலைக்காட்டில் ஒரு மூலக்கூறு ஒளிந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் செடியில் கிடைத்தாலும் கம்ப்யூட்டரில் வரைந்தாலும் அதே இரண்டு நாள் ஜன்னல் வழியாகத்தான் அது நுழைய வேண்டும்.

சிக்குன்குனியா தனிக் குடும்பம், ஆல்ஃபா வைரஸ். டெங்கு மாத்திரை நாளைக்கே வந்தாலும் அதற்கு உதவாது. அங்கேயும் வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஒரு வாரம்தான், மூட்டுவலி மாதக்கணக்கில். 1955-இல் நம் வேலூர்ப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் அடையாளம் கண்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் நிலைமை இன்னும் மோசம். வலிப்பு வந்து குழந்தையைத் தூக்கிவரும்போது வைரஸ் ஏற்கனவே மூளையில் இருக்கும். உத்தரப் பிரதேசத்தில் ரிபாவிரின், வியட்நாமில் இன்டர்ஃபெரான், இரண்டும் பலிக்கவில்லை. அதற்குத் தடுப்பூசி இருப்பது பெரிய ஆறுதல். டெங்குவுக்கு இந்தியாவில் பனேசியா பயோடெக் நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர் என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும் 2024-இல் மூன்றாம் கட்டத் தடுப்பூசிச் சோதனை தொடங்கியிருக்கின்றன.

தடுப்பு மாத்திரை வந்தால் நம் மலைக்காரர்களுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. கொசு வைரஸைக் குடித்ததும் கடத்த ஆரம்பித்துவிடாது. 25, 28 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு நாள் அதன் உடம்புக்குள் வைரஸ் பெருக வேண்டும். ஊட்டிக் குளிரில் அது இன்னும் இழுக்கும், அதற்குள் கொசுவே செத்துவிடும். அதனால் இங்கே உயரத்தில் டெங்கு என்றால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "கீழே போயிட்டு வந்தீங்களா?" என்பதுதான். கூடலூர், பர்லியார் பக்கம் அந்தக் குளிர் வேலி கிடையாது. கோவைக்கும் திருப்பூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் மட்டும் ஒரு மாத்திரை என்பது அர்த்தமுள்ள யோசனை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டெங்குவில் நான்கு வகை இருப்பதால் உங்கள் மகனுக்கு மறுபடி வரலாம். வேறு வகை வந்தால் பழைய எதிர்ப்பொருளே சில சமயம் புது வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடும். அதனால் இரண்டாவது தடவை தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். இந்தத் தடவையின் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து எப்போது காய்ச்சல் அடித்தாலும் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை எடுக்கட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு, காரணமில்லாத தூக்கக் கலக்கம் என்று எது வந்தாலும் ஹாஸ்டலில் படுத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், ஏற்கனவே ஒரு தடவை டெங்கு வந்ததையும் அங்கே சொல்லட்டும்.